லைனில் நிற்பவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது.

நான் சொல்கிற எதையும் பாதி வடிகட்டிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று என் வீட்டுக்காரி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். பதினைந்து அடிப் பாம்பு என்று நான் சொன்னால் அது நாலடிச் சாரையாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கதையில் நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கவில்லை. கலப்பதற்கு இடமே விடாமல் நடந்து தொலைத்தது. எனக்கு அதில்தான் வருத்தம்.

இன்னொன்று. எல்லோருக்கும் பேய் நடுராத்திரியில் வரும். அமாவாசை, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசனை என்று அதற்கு ஜோடனை வேறு. எனக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில். வெளியே தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிறது. கையில் பிரியாணி வாசனை இன்னும் போகவில்லை. அப்போது வந்தது. ராத்திரியில் மட்டும் பயந்துகொண்டிருந்தவர்கள் இனி பகலிலும் பயப்படலாம். என்னால் ஆன உதவி.

நான் வைகுண்டராஜ். தொலைபேசித் துறையில் முப்பத்தெட்டு வருஷம். தேனிப் பக்கத்தில் நான் ஏறாத போன் கம்பம் கிடையாது. ஓய்வு பெற்று அல்லிநகரத்தில் வீட்டோடு இருக்கிறேன். சும்மா இருந்தால் எனக்கு உடம்புக்கு ஆகாது. யாராவது கூப்பிட்டால் ஸ்க்ரூடிரைவரோடு கிளம்பிவிடுவேன்.

அப்படிக் கூப்பிட்டது கம்பம் ஊரில் ஓர் ஏலக்காய்க் கம்பெனி. பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதனால் கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். மலைக்கு மேலே, கேரளத்துப் பக்கம், அவர்களுக்கு நாலு தோட்டம். கீழே காமயகவுண்டன்பட்டி ரோட்டில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு பெரிய குடோன். தினமும் விடியும் முன்பே பெண்கள் ஜீப் ஜீப்பாக ஏறி மெட்டு என்கிற மலைக் கணவாய்ப் பாதை வழியாகத் தோட்டத்துக்குப் போவார்கள். சாயங்காலம் இறங்குவார்கள். பாதையில் செல்போன் எடுக்காது. அதனால் கம்பெனியே அங்கங்கே சொந்தமாகப் போன் வைத்திருந்தது. ஜீப் கிளம்பும்போது ஒரு போன்: ஏறியாச்சு. சேர்ந்ததும் ஒரு போன்: வந்தாச்சு. 'வந்தாச்சு' வராவிட்டால் ஆள் தேடிப் போக வேண்டும். ஏற்பாடு அவ்வளவுதான்.

இந்த வருஷம் கோடை மழையில் இடி விழுந்து, அந்தப் போன்களை இணைக்கிற பழைய எக்ஸ்சேஞ்ச் பெட்டி கருகிவிட்டது. ஒரு வாரம் போன் இல்லாமலே ஜீப் ஓடியது. அந்த வாரத்தில்தான் ஒரு ஜீப் அச்சு முறிந்து, பெண்கள் மூடுபனிக்குள் நாலு மணி நேரம் நின்றார்கள். கீழே ஒருவருக்கும் தெரியாது. மறுநாள் அவர்களுக்குத் தலைவியான அன்னத்தாய் நேராக முதலாளி அறைக்குள் போய், திங்கட்கிழமை போன் வேலை செய்யவில்லை என்றால் ஒருத்தியும் ஏற மாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டது. காய் எடுப்புக் காலம். ஏறாவிட்டால் காய் பழுத்து உதிரும். முதலாளிக்குக் கவலை காய். அன்னத்தாய்க்குக் கவலை ஆள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அன்னத்தாய் குடோனுக்கே வந்தது. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தது.

"இந்தப் பெரியவரா மாட்டப் போறாரு?"

"ஏன், பெரியவருக்குக் கை நடுங்கும்னு பாக்குறியா?"

"கை நடுங்குனா பரவாயில்ல சார். போன் நடுங்கக் கூடாது. எனக்கு ஏத்துன ஆளு அம்புட்டும் இறங்கணும். அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது."

எனக்கு அதை அப்போதே பிடித்துப்போயிற்று.

புதிதாக வந்திருந்தது கம்யூனிகேஷன் சர்வர். போன், மெசேஜ், மீட்டிங் எல்லாம் அதன் வழியாகத்தான். ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கட்டும் என்று இரண்டு சர்வர். அவற்றுக்கு முன்னால் ஒரு லோட் பேலன்சர். கல்யாண வீட்டில் பந்தி வாசலில் ஒருத்தர் நிற்பார் அல்லவா, நீங்க இந்தப் பந்திக்குப் போங்க, நீங்க அந்தப் பந்திக்குப் போங்க என்று? அவர்தான் லோட் பேலன்சர். வருகிற அழைப்பை இரண்டு சர்வருக்கும் பகிர்ந்து அனுப்பும். ஒரு ஜீப்பின் 'ஏறியாச்சு' எந்தச் சர்வருக்குப் போனதோ, 'வந்தாச்சு'வும் அதற்கே போக வேண்டும். மாறினால் கணக்கு ஒட்டாது, வராத ஜீப்புக்காக அடிக்க வேண்டிய எச்சரிக்கை மணி அடிக்காது. அதையும் அதுதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஐந்து செகண்டுக்கு ஒரு தரம் ஒவ்வொரு சர்வரையும் கேட்கும்... இருக்கிறாயா? சர்வர் பதில் சொல்லும்... இருக்கிறேன். மூன்று தரம் பதில் இல்லை என்றால் செத்ததாகக் கணக்கு. அதற்கு மேல் அங்கே யாரையும் அனுப்பாது. அந்த 'மூன்று தரம்' என்பதை அன்று காலை என் கையால்தான் போட்டேன்.

கூட இருந்தது இம்மானுவேல். போடி பஜாரில் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பிள்ளை. கம்பெனியின் கம்ப்யூட்டர் அதிகாரி. என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். கெட்டிக்காரன். என்ன, பயந்த சுபாவம். குடோன் மாடியில் குளிரூட்டின சின்ன அறை. கீழே மூட்டை மூட்டையாக ஏலக்காய். அந்த வாசனையில் பாயசத்துக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிற மாதிரி இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. பிரியாணி சாப்பிட்டோம். பன்னிரண்டே காலுக்குத் திரையைப் பார்த்தேன்.

மூன்று பச்சை.

இருப்பது இரண்டு சர்வர். திரையில் மூன்று வரி. மூன்றிலும் பச்சை விளக்கு. மூன்றும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

இம்மானுவேல்தான் விரல் தவறிச் சேர்த்துவிட்டது என்று நான் நினைத்தேன். அண்ணாச்சிக்கு வயசாகிவிட்டது என்று அது நினைத்தது. இரண்டு பேரும் மரியாதைக்கு வாயைத் திறக்கவில்லை. நான் அந்த வரியை அழித்தேன். இரண்டு பச்சை.

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். மூன்று பச்சை.

"நீ தொட்டியா?"

"என் கை பாக்கெட்ல இருக்கு, அண்ணாச்சி."

கேபிளைப் பிடித்துக்கொண்டு போனேன். அரசாங்கத்தில் நான் கற்ற ஒரே வித்தை அதுதான், சந்தேகம் வந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போ. ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு முனை இருந்தது. ஒவ்வொரு முனையிலும் எனக்குத் தெரிந்த பெட்டி இருந்தது. மூன்றாவதுக்குப் போகிற கம்பி என்று ஒன்று கிடையாது. காற்றில் வருகிற இணைப்பும் அந்த அறையில் கிடையாது.

ஆனால் திரையில் அது பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. இருக்கிறாயா... இருக்கிறேன். இருக்கிறாயா... இருக்கிறேன். பதிவைத் திறந்து பார்த்தேன். மற்ற இரண்டும் கேள்வி போன பிறகு பதில் சொல்கின்றன. அதுதானே முறை. மூன்றாவதன் பதில், கேள்வி போவதற்கு முன்பே வந்து நிற்கிறது. ஒவ்வொரு தரமும். கேட்பார்களா கேட்பார்களா என்று காத்துக்கிடப்பவர்கள் அப்படித்தான் முந்திக்கொண்டு சொல்வார்கள்.

எனக்கு முதுகில் லேசாகக் குளிர்ந்தது. ஏசிதான் என்று சொல்லிக்கொண்டேன்.

எனக்குப் பயம் பேயைப் பற்றி இல்லை. நாளைக்கு அன்னத்தாய் 'வந்தாச்சு' என்று சொல்ல எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு அழைப்பு அந்த இல்லாத பெட்டிக்குப் போகும். அங்கே யார் எடுப்பார்கள்? ஜீப் கவிழ்ந்து கிடந்தாலும் இங்கே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதுதான் பயம்.

"அண்ணாச்சி... இங்க பாருங்க."

இம்மானுவேல் குரல் மெலிந்துவிட்டது. விரல் மூன்றாவது வரியின் ஓரத்தைக் காட்டியது. ஒவ்வொரு சர்வரிலும் அந்த நிமிஷம் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று அங்கே தெரியும். முதல் சர்வர், பூஜ்யம். இரண்டாவது, பூஜ்யம். ஞாயிற்றுக்கிழமை யார் பேசுவார்கள்?

மூன்றாவது... ஒன்று.

யாரோ லைனில் இருக்கிறார்கள்.

எவ்வளவு நேரமாகப் பேசுகிறார்கள் என்று தட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றேழாயிரத்துச் சொச்சம் மணி நேரம். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். மனக்கணக்குப் போட்டேன். பதினோரு வருஷம்.

அந்தப் புது மெஷினை அட்டைப்பெட்டியிலிருந்து பிரித்தே ஆறு நாள்தான் ஆகிறது.

"சுவிட்ச்சை அணைச்சிரலாம் அண்ணாச்சி. நாளைக்கு வேற ஆளக் கூட்டியாந்து..."

"நாளைக்கு அந்தப் பொம்பளைக ஏறணும். உக்காரு."

மேற்பார்வைக்காக, நடக்கிற அழைப்பை ஒட்டுக்கேட்கிற வசதி அதில் உண்டு. மேஜைப் போனை எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். மூன்றாவது வரியைத் தொட்டேன்.

காற்று.

மலைக்காற்று. இலையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். ஏலச்செடி அடர்ந்த இடத்தில் மழை விட்ட பிறகு அப்படித்தான் சொட்டும். ஜன்னலுக்கு வெளியே கம்பத்து வெயில் கொளுத்துகிறது. அறைக்குள்... சொட்டு... சொட்டு...

பிறகு ஒரு பெண் குரல்.

"இருக்கேன்."

ஐந்து செகண்டு.

"இருக்கேன்."

ஐந்து செகண்டு.

"இருக்கேன்."

திரையில் மூன்றாவது விளக்கு அதே தாளத்தில் மினுங்கியது.

இம்மானுவேல் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டது. பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு என்னவோ பயத்துக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. முப்பத்தெட்டு வருஷம் லைன் பார்த்தவன். என் லைனில், என் அனுமதி இல்லாமல், எவள்?

லோட் பேலன்சரில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பங்கு எண் உண்டு. ஒன்று என்றால் சமபங்கு. பூஜ்யம் என்றால், ஏற்கனவே பேசுகிற அழைப்பு அப்படியே நிற்கும், புது அழைப்பு ஒன்றுகூட அங்கே போகாது. மூன்றாவதுக்குப் பூஜ்யம் போட்டேன்.

அது ஒன்று ஆயிற்று.

மறுபடி பூஜ்யம் போட்டேன். மறுபடி ஒன்று.

நானும் விடவில்லை. பூஜ்யம். ஒன்று. பூஜ்யம். ஒன்று. அரை மணி நேரம் நடந்திருக்கும். இம்மானுவேலைக் கேட்டால் இரண்டே நிமிஷம் என்று சொல்லும், அதை நம்பாதீர்கள். கடைசியில் நான் விரலை எடுக்காமல் பூஜ்யத்தின் மேலேயே அழுத்திக்கொண்டு நின்றேன். திரையில் எண் நடுங்கியது. பூஜ்யமும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல்... நடுவில்... நடுங்கியது.

'இருக்கேன்' நின்றுவிட்டது.

சொட்டுச் சத்தமும் நின்றுவிட்டது.

பக்கத்தில் மூச்சு. ரிசீவரை வாயோடு ஒட்டி வைத்தால் கேட்குமே... அந்த மூச்சு.

"யாருத்தா அது?" என்றேன்.

"...ஆபீஸா?"

"ஆபீஸ்தான்."

"எம்புட்டு நேரமா லைன்ல நிக்கிறேன்."

"யாரு நிக்கச் சொன்னது?"

"ஆபீஸ்லதான். லைன்லயே இரு, ஜீப் அனுப்புறோம்னாக."

"பேரு?"

"நதியா. அனுமந்தன்பட்டி."

இம்மானுவேல் என் சட்டையைப் பிடித்து இழுத்தது. நான் கையைத் தட்டிவிட்டேன்.

"ஏத்தா நதியா. நாளைக்கு அன்னத்தாய் ஆளுகளக் கூட்டிக்கிட்டு மலை ஏறுது. உசுரோட இருக்கிற ஆளுக. அவுகளுக்கு இந்த லைன் வேணும். நீ வழிய மறிச்சுக்கிட்டு நின்னா எப்படி?"

மூச்சு.

"ஜீப் வரலையே."

"வரலேன்னா நடந்து வர வேண்டியதுதான. காலு இருக்குல்ல?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. வாய் எனக்கு எப்போதும் புத்திக்கு முன்னால் ஓடும்.

திரையில் எண் நடுங்கிக்கொண்டே இருந்தது.

பிறகு, மெதுவாக, யோசித்துக்கொண்டே கேட்கிற மாதிரி...

"நடந்து... வரலாமா?"

"வா. யாரு தடுக்குறா."

திரையில் நடுக்கம் நின்றது.

பூஜ்யம். விரலை எடுத்தேன். பூஜ்யமாகவே இருந்தது.

இம்மானுவேலுக்கு அது போதவில்லை. அழைப்பையே வெட்டிவிடலாம், அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது என்றது. நான் முடியாது என்றேன். மூன்று தரம் பதில் வராவிட்டால்தான் செத்த கணக்கு என்று அந்த மெஷினுக்குச் சட்டம் போட்டவன் நான். அவள் ஒரு தரம்கூடத் தவறவில்லை. எந்த நியாயத்தில் வெட்டுவது? நிற்கட்டும். என் ஆட்களின் வழியை விட்டுவிட்டாள், அது போதும்.

திங்கட்கிழமை இருட்டோடு வந்து திரை முன்னால் உட்கார்ந்தேன். "ஏறியாச்சு" என்று அன்னத்தாயின் குரல் முதல் சர்வரில் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து "வந்தாச்சு" அதே முதல் சர்வரில் வந்தது. மற்ற ஜீப்புகளும் அப்படியே. ஒரு அழைப்புகூட மூன்றாவதுக்குப் போகவில்லை. நான் இம்மானுவேலைப் பார்த்து மீசையை முறுக்கினேன். எனக்கு மீசை கிடையாது. இருந்தாலும் முறுக்கினேன்.

சாயங்காலம் அன்னத்தாய் இறங்கியதும் குடோனுக்கு வந்தது. போன் தங்கமாக வேலை செய்வதாகச் சொன்னது. நான் மெதுவாக நதியா என்ற பெயரை எடுத்தேன்.

அதற்கு முகம் மாறிவிட்டது. யார் சொன்னது என்று கேட்டது. யாரோ என்றேன். பிறகு அதுவே சொன்னது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், மேல் தோட்டத்திலிருந்து சாயங்காலம் இரண்டு ஜீப் இறங்கியது. அப்போதெல்லாம் எந்த வண்டியில் இடம் இருக்கிறதோ அதில் ஏறிக்கொள்வது வழக்கம். முன் ஜீப்பில் இருந்தவர்கள் நதியா பின் ஜீப்பில் வருகிறாள் என்று நினைத்தார்கள். பின் ஜீப்பில் இருந்தவர்கள் முன்னால் போய்விட்டாள் என்று நினைத்தார்கள். அவள் ஓடைக்குப் போனவள், திரும்பி வந்து பார்த்தால் யாரும் இல்லை. காய் உலர்த்துகிற கொட்டகையில் இருந்த போனை எடுத்துக் கீழே பேசியிருக்கிறாள். லைனிலேயே இரு, ஜீப் அனுப்புகிறோம் என்றார்களாம். அந்த நேரம் பார்த்து மலைச்சரிவு. ஜீப் போக முடியவில்லை. அதை அவளிடம் திரும்பச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் மத்தியானம் ஆள் போய்ப் பார்த்தபோது ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்ததாம்.

"பாவம். உடம்பாவது கிடைச்சுச்சா?"

அன்னத்தாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

"என்ன சார் பேசுறீக. விடியக்காலமே அவளா இறங்கி வந்துட்டா. ஆளு அங்கன போறதுக்கு முந்தி இங்கன வீட்டுல இருந்தா. அனுமந்தன்பட்டியிலதான் இருக்கா. ரெண்டு பிள்ளைக."

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் அதனிடம் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தரம்.

"மலைப் பக்கம் மட்டும் தலைவச்சுப் படுக்க மாட்டா," என்றது அன்னத்தாய். "போனையும் தொட மாட்டா."

மறுநாள் வீட்டில் உட்காரச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். கேட்கிற ஆளா நான்? வண்டியை எடுத்துக்கொண்டு அனுமந்தன்பட்டிக்குப் போனேன். விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். பகல் பதினோரு மணி. முற்றத்தில் ஒரு பெண் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு, முப்பத்தேழு வயது. நல்ல முகம். வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதே குரல்.

லைனில் நிற்பவள் நதியா என்றால், எனக்குத் தண்ணீர் கொடுக்கிற இவள் யார்?

என் பெயரை நான் சொல்லவில்லை. எங்கிருந்து வருகிறேன் என்றும் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை.

அவள் வீட்டுக்குள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த லைனைக் கட் பண்ணிருங்கய்யா."

"எந்த லைனை?"

"பதினோரு வருசமா நின்னுக்கிட்டே இருந்தா. நடந்து வரலாம்னு அவளுக்குத் தெரியாது. நீங்க ஏன்யா சொன்னீக?"

சொம்பை வாங்கிக்கொண்டாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

தெருவில் நிற்கும்போதே என் போன் அடித்தது. இம்மானுவேல்.

"அண்ணாச்சி, லைன வெட்டச் சொல்லி யாருகிட்டயாச்சும் சொன்னீகளா?"

"இல்லையே."

"மூணாவதக் காணோம். இப்பத்தான் போச்சு. ரெண்டு பச்சைதான் இருக்கு."

"கரண்டு போச்சா? லைன் அறுந்துச்சா?"

"அறுந்தா அறுந்துச்சுன்னு எழுதிரும் அண்ணாச்சி. அப்படி எழுதல."

"பின்ன?"

"அந்தப் பக்கம் ரிசீவர வச்சிருக்காக."

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. போன் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஏற்றின ஆள் அத்தனை பேரும் இறங்குகிறார்கள், அன்னத்தாய் என்னைக் கும்பிடாத குறை. ஊரில் நாலு பேர், அன்றைக்கே வெட்டியிருக்க வேண்டும் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். ஒரு ஆளைப் பதினோரு வருஷம் லைனில் நிற்க வைத்தது நான் இல்லை. வா என்று சொன்னதுதான் நான். அதை யாருக்காகவும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

ஒரே ஒரு விஷயம்தான்.

போன வாரம் அன்னத்தாய் சொன்னது. சாயங்காலம் ஜீப் இறங்கும்போது பாதையில் ஒருத்தி தனியாக நடந்து போகிறாளாம். மூடுபனியில் முகம் தெரியவில்லையாம். முதல் நாள் மேலே, மெட்டை ஒட்டிய வளைவில். அடுத்த நாள் அதற்கு அடுத்த வளைவில். தினமும் ஒரு வளைவு கீழே. நாலாம் நாள் வண்டியை நிறுத்தி, இருட்டப்போகிறது, ஏறிக்கொள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

"வேணாம்த்தா," என்றாளாம். "ஆபீஸ்ல நடந்தே வரச் சொல்லியிருக்காக."

நேற்று கேட்டேன். வளைவெல்லாம் முடிந்துவிட்டதாம். அடிவாரத்தில் பார்த்தார்களாம்.

அதற்கு மேல் அனுமந்தன்பட்டி வரைக்கும் நேர் ரோடு.